மோட்டார் படகின் சத்தமும் சைலன்சர் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு சின்ன ஏரிக்கரையில் குடியிருக்கிறோம். நாலு வருடத்துக்கு முன்னால் 1989-ல் செய்த வி8 ஸ்டெர்ன்டிரைவ் படகு (எட்டு சிலிண்டர் இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் மாட்டிய பகுதி பின்னால் வெளியே) ஒன்றை மலிவாக வாங்கினேன். ஏன் அவ்வளவு மலிவு என்பது முதல் சனிக்கிழமையே ஏரி முழுவதும் கேட்டது. ரோந்துப் படகு வந்து நிறுத்திய பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இப்போது யார் படகு வாங்கினாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி எங்கள் மிச்சிகன் மாநில விஷயம். டொரோண்டோ உறவினர்களும் ஜெர்மனியில் இருக்கும் ஒரு நண்பரும் கேட்டதால் அந்தப் பக்கமும் கொஞ்சம் உண்டு.

மஃப்ளர் என்பதும் சைலன்சர் என்பதும் ஒன்றுதானா?

ஒன்றுதான். அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் மஃப்ளர் என்றே இருக்கும். நம்மூரில் மஃப்ளர் என்றால் மார்கழிப் பனிக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்வது. ஆகவே இங்கே சைலன்சர் என்றே எழுதுகிறேன்.

படகுக்குச் சத்த வரம்பு உண்மையிலேயே உண்டா? யார் வைத்தது?

உண்டு. ஆனால் அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. கடலோரக் காவல் படையின் விதிகளில் உயிர்காப்பு உடை, தீயணைப்பான், பெட்ரோல் இன்ஜினின் கார்புரேட்டர் மேல் மாட்டும் தீத்தடுப்பி எல்லாம் வரும். டெசிபல் என்ற சத்த அளவு வராது. அதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது.

மிச்சிகனில் இரண்டு எண்கள்: படகு நின்ற இடத்தில் அளந்தால் 90, கரையில் நின்று அளந்தால் 75. கலிபோர்னியாவில் இன்ஜின் எந்த வருடம் செய்தது என்று பார்ப்பார்கள். 1993 ஜனவரி 1-க்கு முந்தியது என்றால் 90, அதற்குப் பிந்தியது என்றால் 88. கரையில் அங்கேயும் 75தான். வாஷிங்டன் மாநிலத்திலும் இதே ஏற்பாடு, வருடக் கோடு மட்டும் 1994. ஏரியைத் தாண்டி விஸ்கான்சினுக்குப் போனால் 86.

லேக் மீட், லேக் பவல் போன்ற இடங்கள் தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கின்றன. அங்கே மத்திய அரசின் பூங்கா விதி வரும். பழைய விதி 82 அடி தூரத்தில் 82 டெசிபல் என்று இருந்தது. 82 அடி என்பது 25 மீட்டர். ஒரே எண் இரண்டு முறை வருவதால் சுலபமாக நினைவில் நிற்கும், ஆனால் ஓடும் படகைச் சரியாக 82 அடியில் வைத்து அளப்பது லேசான வேலை இல்லை. இப்போது அங்கேயும் 88, 90, கரையில் 75 என்று மாற்றிவிட்டார்கள்.

ஒரே படகுக்கு 90-ம் சரி, 75-ம் சரி என்றால் எப்படி?

எல்லாரும் குழம்புவது இங்கேதான். நானும் குழம்பினேன். டெசிபல் எண்ணை மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. எவ்வளவு தூரத்தில், இன்ஜின் என்ன வேகத்தில் ஓடும்போது என்று சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம்.

90 என்பது ஜே2005 என்ற சோதனைக்கு. எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் எழுதிய முறை இது. படகு நின்றுகொண்டிருக்கும், இன்ஜின் நியூட்ரலில் ஐடிலில் (கியர் போடாமல், மிகக் குறைந்த வேகத்தில்) ஓடும். மைக்கைப் படகின் உடம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, தண்ணீருக்கு மேலே 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் பிடிப்பார்கள். ரோந்துக்காரர் தன் படகை நம் படகோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு அஞ்சு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

75 என்பது ஜே1970 சோதனைக்கு. இதில் மைக் கரையிலோ கரையை ஒட்டிய படகுத்துறையிலோ இருக்கும். படகு எங்கே வேண்டுமானாலும், எந்த வேகத்தில் வேண்டுமானாலும் போகலாம். கரையில் இருப்பவர் காதுக்கு எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. 200 மீட்டர் தள்ளிப் போகும்போது 75-க்குள் நிற்கும் படகு, 30 மீட்டரில் உரசிக்கொண்டு போனால் தாண்டிவிடும். ஓட்டுகிறவர் தள்ளிப் போனாலே சட்டத்துக்குள் வந்துவிடலாம்.

ஜே34 என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. 50 அடி தூரத்தில் முழு வேகத்தில் கடந்து போகும் படகை அளப்பது. தயாரிப்பாளர்களுக்குப் பொருத்தமானது, ரோந்துக்காரருக்குக் கஷ்டம். குறியிட்ட மிதவை, நேர்கோட்டில் ஓட்டம், காற்று இல்லாத நாள் எல்லாம் வேண்டும்.

என் அபிப்பிராயம் என்னவென்றால், மூன்றில் கரைச் சோதனைதான் நியாயமானது. புகார் சொல்கிறவர் கரையில்தானே இருக்கிறார்? ஐடில் சோதனை போலீஸ்காரரின் வசதிக்காக வந்தது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 90 என்றால் 25 மீட்டரில் 62தான். ஐடிலில் நிற்கும் படகால் கரையில் யாருக்கும் தூக்கம் கெடாது. அதே படகு முழு வேகத்தில் போடும் சத்தம் வேறு கதை. ஐடிலில் 90-ஐத் தாண்டுகிற படகு ஓடும்போதும் தாண்டும் என்று ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

90-க்கும் 88-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

காதுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. டெசிபல் கூட்டல் கணக்கில் வளராது, பெருக்கலில் வளரும். 3 கூடினால் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு. 10 கூடினால்தான் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றும். 90 வரம்புள்ள இடத்தில் 93 வந்தால் "மூணுதானே கூட" என்று வாதாட வேண்டாம். நானும் வாதாடிப் பார்த்தேன். ஒரு இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இன்ஜின் ஓடுகிற மாதிரி அது.

இரட்டை இன்ஜின் படகுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிச்சிகன் சட்டத்தில், எத்தனை இன்ஜின் இருக்கிறதோ அத்தனையையும் ஓடவிட்டே அளக்கச் சொல்லியிருக்கிறது. தனித்தனியாக 88 போடும் இரண்டு இன்ஜின்கள் சேர்ந்தால் 91. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

ரோந்துப் படகு நிறுத்தினால் என்ன செய்வார்கள்?

மிச்சிகனில் அவர்கள் கேட்டால் படகைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பூங்கா ஏரிகளிலும் அப்படித்தான்.

எனக்கு நடந்தது இது. வந்தவர் முதலில் என் இன்ஜினை அணைக்கச் சொன்னார், தன்னுடையதையும் அணைத்தார். தலையில் கறுப்பு ஸ்பாஞ்சுப் பந்து மாட்டிய கருவி ஒன்றை எடுத்தார். அது காற்றின் இரைச்சல் மைக்கில் விழாமல் இருக்க. சுற்றுப்புறச் சத்தத்தை முதலில் பார்த்தார். அளக்கப் போகும் சத்தத்தைவிட அது குறைந்தது 10 டெசிபலாவது கீழே இருந்தால்தான் அளவு செல்லும். அப்புறம் கருவியை ஒரு குச்சியின் நுனியில் மாட்டி, என் படகின் பின்பக்கப் புகைக்குழாய்க்குக் கிட்டே நீட்டிக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். திரையில் 93. இன்னொரு முறை பார்த்தார், அதே 93. என் பெண் முன் சீட்டில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது நமக்கு ஆதரவான சாட்சி இல்லை.

அவர் குரலை உயர்த்தாமல், சரிசெய்த பிறகு படகை எடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஐடிலிலேயே கரைக்குப் போகச் சொன்னார். வீடு வரை முக்கால் மணி நேரம். இரண்டு கரையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கையசைத்தார்கள்.

என் படகில் சைலன்சர் என்று எதுவும் காணோமே?

அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டிய இன்ஜின்) என்றால் தனியாகத் தேட வேண்டாம். புகை இன்ஜினின் கால் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) வழியாகக் கீழே இறங்கி, புரொப்பெல்லரின் நடுக்குடம் வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. தண்ணீர்தான் அங்கே சைலன்சர். படகை லாரியில் வைத்து வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தால் காது கிழிவதும், அதே இன்ஜின் ஏரியில் முனகுவதும் இதனால்தான்.

ஸ்டெர்ன்டிரைவிலும் இப்படித்தான், கம்பெனி கொடுத்த நிலையில் இருந்தால். இன்ஜின் படகுக்குள்ளே, கால் வெளியே. இரண்டையும் இணைப்பது மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு ரப்பர் குழல். அதை பெல்லோஸ் என்பார்கள். புகை அதன் வழியாகக் காலுக்கு வந்து, தண்ணீருக்குள் இறங்கும்.

இன்ஜினை முழுக்க உள்ளே வைத்த படகுகளில் தனி சைலன்சர் இருக்கும். பல சமயம் அது இரும்பு இல்லை, ஃபைபர்கிளாஸும் ரப்பரும். இவ்வளவு சூடான புகைக்கு ரப்பர் எப்படித் தாங்கும் என்று கேட்காதவர் இல்லை. இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீரைப் புகைக்குழாயின் முழங்கை வளைவில் புகையோடு கலந்துவிடுகிறார்கள். புகை அங்கேயே குளிர்ந்து சுருங்குகிறது, சத்தமும் பாதி அங்கேயே போய்விடுகிறது. தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) உடைந்தால் இந்த ஏற்பாடு கவிழும். சில நிமிடத்தில் ரப்பர் உருகும் வாசனை வரும். உடனே இன்ஜினை அணையுங்கள்.

பழைய படகு ஏன் வரவர அதிகச் சத்தம் போடுகிறது?

பெரும்பாலும் அந்த பெல்லோஸ் கிழிந்திருக்கும். வெயிலிலும் உப்பிலும் கிடந்து மடிப்புகளில் வெடித்துவிடும். புகை காலுக்குப் போகாமல் கிழிசல் வழியாகவே வெளியே வரும். புகைவழியில் ரப்பர் மூடிகள் இருக்கும், தண்ணீர் திரும்பி இன்ஜினுக்குள் வராமல் தடுக்க. அவை கருகி உதிர்ந்துபோனாலும் சத்தம் மாறும்.

இன்னொரு காரணம் முந்தைய உரிமையாளர். என் படகில் அவர் பின்பலகையில் இரண்டு ஓட்டை போட்டு, இன்ஜினிலிருந்து நேராக இரண்டு ஸ்டெயின்லெஸ் குழாய்களை வெளியே இழுத்திருந்தார். பார்க்க ஜோராக இருக்கும். நடுவில் ஒரு தடுப்பு கிடையாது. கிழிந்த பெல்லோஸை மாற்றி, குழாய்களுக்கு நடுவில் ஆளுக்கொரு சைலன்சர் பொருத்திய பிறகு, நண்பர் கொண்டுவந்த கருவியில் 86 காட்டியது. வேலை முடிய ஒரு வார இறுதி. முழங்கையில் தோல் உரிந்தது தனிக்கணக்கு. இன்ஜின் அறைக்குள் பெரிய ஆள் நுழைய முடியாது.

ஸ்விட்ச் தட்டினால் சத்தமாகவும் அமைதியாகவும் மாறும் படகு விற்கிறார்கள். சட்டப்படி சரியா?

புகைவழியில் ஒரு கதவு வைத்து, ஒரு பக்கம் தட்டினால் தண்ணீருக்குள், மறுபக்கம் தட்டினால் நேராகக் காற்றுக்குள் புகை போகும்படி செய்வது இது. பல பெயர்களில் விற்கிறது. துறைமுகத்துக்குள் அமைதி, நடு ஏரியில் முழக்கம் என்பது விற்பனைப் பேச்சு.

கடையில் கிடைப்பதாலேயே ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. ஃப்ளோரிடா சட்டம் படகுப் புகை நியாயமான அளவு அடக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, சைலன்சரைத் தாண்டிப் போகும் திறப்பைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. அதிகாரபூர்வப் பந்தயத்திலும் அதன் ஒத்திகையிலும் ஓடும் படகுக்கு மட்டும் விலக்கு. மிச்சிகனில் எண்ணே பேசும்: திறந்த நிலையில் 90-ஐ, கரையில் 75-ஐத் தாண்டினால் ஸ்விட்ச் இருப்பது காப்பாற்றாது. ரோந்துப் படகைக் கண்டதும் ஸ்விட்சைத் தட்டுவதை அவர்கள் நம்மைவிட அதிகம் பார்த்திருக்கிறார்கள். கரையிலிருந்து அளக்கும் முறையைச் சட்டத்தில் வைத்ததற்கு அதுவும் ஒரு பயன்.

கனடாவில்? கோடையில் டொரோண்டோவுக்கு வடக்கே மஸ்கோகா ஏரிகள் பக்கம் காட்டேஜ் எடுக்கிறோம்.

அங்கே மத்திய அரசின் சிறுபடகு விதி எண்ணைக் கேட்பதில்லை. வேலை செய்யும் சைலன்சர் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. விலக்குகள் கொஞ்சம் சுவாரசியமானவை. 1960 ஜனவரி 1-க்கு முன் கட்டிய படகுக்கு வேண்டாம். மஸ்கோகாவின் பழைய மர லாஞ்சுகள் அந்தக் கிழட்டுக் குரலோடு இன்னும் ஓட முடிவதற்கு இது ஒரு காரணம். பந்தயப் படகுக்கும் அதன் பயிற்சிக்கும் வேண்டாம். அவுட்போர்டோ ஸ்டெர்ன்டிரைவோ புகையைத் தண்ணீருக்கடியில் விட்டால் அதுவே போதும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால் ஓடினாலும் வேண்டாம். அங்கே கேட்க மீன்தான் இருக்கும். காற்றில் சுழலும் விமானப் புரொப்பெல்லரால் ஓடும் படகுக்கும் விலக்கு உண்டு, அதற்குச் சைலன்சர் மாட்டி என்ன பயன் என்ற எண்ணத்தில் போலிருக்கிறது.

தாண்டுவழி ஸ்விட்ச் இருந்தால், ஓடும்போது சுலபமாகத் திரும்ப இணைக்க முடியாதபடி, பார்த்தாலே தெரியும்படி கழற்றி வைத்திருக்க வேண்டும். வாடகைப் படகு என்றால் இதெல்லாம் உங்கள் கவலை இல்லை, பெரும்பாலும்.

ஐரோப்பாவில் எப்படி?

அங்கே பொறுப்பை ஓட்டுகிறவர் தலையில் வைப்பதற்கு முன் தயாரிப்பாளர் தலையில் வைத்துவிட்டார்கள். 2013/53 என்ற உல்லாசப் படகு ஆணைப்படி, இன்ஜின் சக்தி 10 கிலோவாட் வரை 67 டெசிபல், 10-லிருந்து 40 வரை 72, அதற்கு மேல் 75. இரட்டை இன்ஜினுக்கு 3 கூடுதல், மேலே சொன்ன அதே கணக்குத்தான். படகு கடந்து போகும்போது 25 மீட்டர் தூரத்தில் அளக்க வேண்டும். இதில் தேறினால்தான் சிஇ முத்திரை, முத்திரை இருந்தால்தான் விற்பனை.

ஓடும்போது அளக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 25 மீட்டரில் 75 என்பது ஐடிலில் ஒரு மீட்டரில் 90 என்பதைவிட எவ்வளவோ கடினம். அமெரிக்காவிலிருந்து பழைய வேகப்படகை இறக்குமதி செய்ய நினைக்கும் ஜெர்மனி நண்பர் முதலில் இதைப் பார்க்கட்டும், விலையை அப்புறம் பார்க்கலாம்.

சைலன்சர் போட்டால் பவர் போய்விடாதா?

சாதாரணப் படகில் தெரியாது. புகை வெளியேற வழி குறுகினால் இன்ஜின் கொஞ்சம் திணறும் என்பது உண்மைதான், ஆனால் அளவு பார்த்துப் பொருத்திய சைலன்சரால் வேகமானியில் பெரிய மாற்றம் வராது. எனக்கு வரவில்லை.

பந்தய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட பெரிய வி8-காரர்கள் சொல்லும் பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த இன்ஜின்களில் உள்வால்வும் வெளிவால்வும் அதிக நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். ஐடிலில் புகைக்குழாய்க்குள் அழுத்தம் முன்னும் பின்னும் ஆடி, கலந்திருக்கும் தண்ணீரைச் சிலிண்டருக்குள் இழுத்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அதற்கேற்ப உயரமான முழங்கையும் பொருத்தமான சைலன்சரும் தேவை. தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டிய வேலை. குடும்பத்தோடு ஏரியில் சுற்றும் படகுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

நடு ஏரியில் போகும் படகு பொழுது சாய்ந்தால் வாசலில் நிற்கிற மாதிரி கேட்கிறதே?

பகலில் தரை சுட்டுக் காற்றும் கீழே சூடாக இருக்கும், மேலே போகப்போகக் குளிரும். சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். மாலையில் ஏரி மேல் இது தலைகீழ். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், அதற்கு மேலே வெதுவெதுப்பான அடுக்கு. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால் மேலே கிளம்பிய சத்தம் வளைந்து திரும்பவும் கீழே வருகிறது. கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர். அதுவும் உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய சத்தம் கரைவரை ஓடிவரும். அக்கரையில் பேசுகிற பேச்சுகூட வார்த்தை வார்த்தையாக விழும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என் படகைப் பற்றி என்ன சொன்னார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆகவே காலையில் 75-க்குள் போன படகு அதே பாதையில் மாலையில் தாண்டலாம். பொழுது சாய்ந்த பிறகு வேகத்தைக் குறையுங்கள், கரையை விட்டுத் தள்ளிப் போங்கள். நெவாடா எல்லையில் இருக்கும் லேக் டாஹோவில் கரையிலிருந்து 600 அடி வரைக்கும் அலை எழுப்பும் வேகமே கூடாது. அந்த விதியால் கரையில் சத்தமும் குறைகிறது.

கருவி 'சரி' என்கிறது, ஆனால் அந்தத் தும்தும் நெஞ்சில் இடிக்கிறதே?

கருவி 'ஏ' என்ற வடிகட்டி வழியாகக் கேட்கிறது. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகக் கேட்கும் என்பதால் வடிகட்டியும் அவற்றைக் கழிக்கிறது. வி8 இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐடில் ஓடினால் நொடிக்கு 50 முறை வெடிக்கும். 50 ஹெர்ட்ஸில் 'ஏ' வடிகட்டி சுமார் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். ஜன்னலை அதிரவைக்கும் பகுதி கணக்கிலேயே வருவதில்லை, மேல்ஸ்தாயிப் பகுதிதான் எண்ணாகிறது. ஐடில் சோதனையில் எனக்குள்ள இரண்டாவது மனக்குறை இது.

ஜெட் ஸ்கீ எண்ணில் குறைவுதானே? ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்?

ஒரே சீராகப் போகாததால். அலை மேல் துள்ளும்போது புகைவாய் தண்ணீரை விட்டு வெளியே வருகிறது, இன்ஜினும் பாரமில்லாமல் கத்துகிறது. விழுந்ததும் அடங்குகிறது. மறுபடியும் கத்துகிறது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அரை மணி நேரம் இதைக் கேட்டால் 70 டெசிபல்கூட 90 மாதிரி இருக்கும். கொசு என்ன பெரிய டெசிபலா போடுகிறது?

இன்ஜின் அமைதிதான், டவரில் (படகின் மேலே நிற்கும் கம்பிச் சட்டத்தில்) மாட்டிய ஸ்பீக்கர்தான் அலறுகிறது என்றால்?

சைலன்சர் சட்டம் இன்ஜின் புகையைப் பற்றியது. பாட்டுக்கு உள்ளூர் ஒலி விதிகள் வரும். தேசியப் பூங்கா ஏரிகளில் மட்டும் எண் தெளிவாக இருக்கிறது: ரேடியோ முதலிய கருவிகள் 50 அடியில் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 60 என்பது சாதாரணப் பேச்சுச் சத்தம். அங்கே ரஹ்மான் வேண்டுமானால் ஹெட்போனில்.

புகையைத் தண்ணீருக்குள் விட்டால் ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு, சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தண்ணீருக்குள் விட்ட புகை படகின் பின்னாலேயே குமிழியாக மேலே வந்து, நீச்சல் பலகையைச் சுற்றித் தங்கும். 2000-ம் ஆண்டு லேக் பவலில் ஒரு ஹவுஸ்போட்டின் (வீட்டுப் படகின்) பின்னால் இரண்டு சகோதரர்கள் இப்படி இறந்துபோனார்கள். ஜெனரேட்டர் புகை நீச்சல் பலகைக்கடியில் தேங்கியிருந்தது. அதற்கப்புறம் நடந்த ஆய்வுகளால்தான் ஜெனரேட்டர் புகையைக் கூரைக்கு மேல் விடும் குழாய்கள் பரவின.

இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது நீச்சல் பலகையில் குழந்தைகளை உட்காரவிடாதீர்கள். அமைதியாக ஓடும் படகு என்றால் இரண்டு மடங்கு கவனம். சத்தம் இல்லாததால் இன்ஜின் ஓடுவதையே மறந்துவிடுவோம்.

பேட்டரிப் படகு வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே?

புகையும் சைலன்சரும் இல்லை, உண்மை. ஆனால் வேகமாகப் போனால் தண்ணீர் அடிக்கும் சத்தமும் புரொப்பெல்லர் சத்தமும் எந்தப் படகுக்கும் உண்டு.

போனில் இருக்கும் டெசிபல் ஆப் போதுமா?

ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். போலீஸ்காரரிடம் காட்டப் போதாது. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, பலத்த சத்தத்தில் அது தானாகவே அடக்கி வாசிக்கும். பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். எண் தப்பாக இருந்தாலும் வித்தியாசம் ஓரளவு நம்பலாம்.

நம் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது, ஒவ்வொரு 3 கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம். பின் சீட்டில் குழாய்க்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு இது பொருந்தும்.

சைலன்சர் இல்லாத படகை விற்கலாமா? வாங்கலாமா?

மிச்சிகனில் வரம்பைத் தாண்டும் படகை விற்பதும் விற்பனைக்கு வைப்பதும்கூடச் சட்டப்படி தப்பு. பந்தயத்துக்கென்றே செய்த படகுக்கு விலக்கு உண்டு. அப்போது அது பந்தயப் படகு என்று விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். அப்படி ஒரு தாளில் யாராவது சிரித்துக்கொண்டே கையெழுத்துக் கேட்டால், அந்தப் படகை ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஓட்ட முடியாது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வாங்கும் முன் படகைத் தண்ணீரில் இறக்கி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வாசலில் தோட்டக்குழாய்த் தண்ணீர் கொடுத்து ஓட்டிக் காட்டினால் ஏமாறுவோம். அங்கே எல்லாப் படகும் கத்தும், "தண்ணீரில் இறங்கினால் அடங்கிடும்" என்று விற்பவர் சொல்வார். எனக்கும் அதைத்தான் சொன்னார்.